நப்பின்னை என்று பெண்ணுக்குப் பெயர் வைக்கலாமா?

26 நவம்பர் 2023 – ஒரு வாசகரின் கேள்வி

என் மனைவிக்கு இது ஏழாவது மாதம். பெண் பிறந்தால் நப்பின்னை என்று வைக்க வேண்டும் என்கிறாள். வீட்டில் பெரியவர்களுக்கு விருப்பமில்லை. ‘பின்னை’ என்றால் பின்னால் என்றுதானே பொருள், குழந்தை எதிலும் பின்தங்கிவிடும் என்கிறார்கள். ராதைக்குத் தமிழில் வைத்த பெயர்தான் நப்பின்னை என்கிறார் ஒருவர். அண்மையில் யாரோ உண்டாக்கிய பெயர் என்கிறார் இன்னொருவர். உண்மையில் இந்தப் பெயரோடு யாராவது வாழ்ந்திருக்கிறார்களா?

27 நவம்பர் 2023

வாழ்ந்துகொண்டிருக்கிறேன். அறுபது வயது முடிந்துவிட்டது. பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, ஓய்வூதியப் புத்தகம் எல்லாவற்றிலும் இதே பெயர்தான். எதிலும் பின்தங்கவில்லை.

27 நவம்பர் 2023, இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டேன். பொருளைச் சொல்லாமல் விட்டது சரியில்லை.

நப்பின்னை, தமிழ் மரபில் கண்ணன் மணந்த ஆயர் பெண். அந்தப் பெயரை ந + பின்னை என்று பிரிக்க வேண்டும். முன்னால் நிற்கும் ‘ந’ சிறப்பைக் காட்டுவது. கீரன் நக்கீரன் ஆனது இப்படித்தான். காக்கைபாடினியார் நச்செள்ளையார், பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார், மாறோக்கத்து நப்பசலையார் என்று சங்கப் பாடல்களைப் பாடிய பெண்கள் மூன்று பேரின் பெயரிலும் இந்த ‘ந’ உண்டு. செள்ளை, கண்ணை, பசலை, பின்னை. வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், ஒரே தெருவில் விளையாடிய பெண்களைக் கூப்பிடுவது போல இருக்கிறது. அண்மையில் உண்டாக்கிய பெயர் என்று சொன்னவரிடம் இதைச் சொல்லுங்கள்.

பின்னை என்றால் பின் பிறந்தவள், தங்கை. திருமகளுக்கும் இந்தப் பெயர் உண்டு. மூத்தவள் மூதேவி, அவளுக்குப் பின் வந்தவள் சீதேவி என்ற கணக்கில் அது வந்தது. பெரியவர்கள் அஞ்சுகிற அதே ‘பின்’தான், ஆனால் பின்னால் வந்தவளைத்தானே நாம் விளக்கேற்றி வீட்டுக்குள் அழைக்கிறோம்.

எனக்கு இந்தப் பெயர் வந்த கதையும் இந்தப் பொருளோடு ஒத்துப்போகிறது. எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். ராஜகோபாலசுவாமி கோயில் தாயார் செங்கமலத் தாயார் என்பதால் அந்தப் பக்கம் செங்கமலம் நிறைய உண்டு. என் அக்காவும் செங்கமலம்தான். 1963-இல், மார்கழி மாதத்தில் நான் இரண்டாவது பெண்ணாகப் பிறந்தேன். மறுபடியும் பெண்ணா என்று அப்பாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். தாத்தா மட்டும், “மூத்தது தாயார், பின்னால் வந்தது பின்னை. இதிலென்ன குறை?” என்றாராம். பால் கறந்து ஊற்றிய மனிதர், கையெழுத்துப் போடத்தான் எழுதத் தெரியும். அகராதியில் இருக்கிற பொருளை அவர் அகராதி பார்க்காமலே சொல்லியிருக்கிறார்.

30 நவம்பர் 2023

ராதை விஷயத்துக்கு வருகிறேன். இருவரும் ஒருத்தி என்று கதாகாலட்சேபங்களில் கேட்டுக் கேட்டுப் பலர் அப்படியே நம்பிவிட்டார்கள். ஆழ்வார் பாடல்களில் ராதை இல்லை. ராதையைப் பெரிதாகப் பாடிய ஜயதேவர் 12-ஆம் நூற்றாண்டுக்காரர். நப்பின்னை அதற்கு வெகு காலம் முன்பே சிலப்பதிகாரத்தில் ஆடிவிட்டாள்.

உறவுமுறையைப் பாருங்கள், வேறுபாடு விளங்கிவிடும். வைணவ மரபில் நப்பின்னை கும்பனின் மகள். கும்பன் யசோதையின் உடன்பிறந்தவன். ஆக, கண்ணனுக்கு அவள் மாமன் மகள், அவளுக்குக் கண்ணன் அத்தை மகன். திருப்பாவையில் ஆண்டாள் அவளிடம் ‘உன் மைத்துனன் பேர்பாட’ என்றுதான் சொல்கிறாள். அந்த இடத்தில் கணவன் என்றோ காதலன் என்றோ சொல்லவில்லை. அதே பாட்டில் ‘நந்தகோபாலன் மருமகளே’ என்று விளிக்கிறாள். முறைப்பெண்ணாக இருந்து அந்த வீட்டுக்கே மருமகளாக வந்தவள். நம் வீடுகளில் நடக்கிற கல்யாணம் இது. ராதையின் கதையில் இந்த உறவு கிடையாது.

வடக்கே ஒப்பிட ஆள் வேண்டுமென்றால் நாக்னஜிதி இருக்கிறாள். கோசல மன்னன் மகள். ஏழு காளைகளை அடக்கிக் கண்ணன் அவளை மணந்ததாக பாகவதம் சொல்கிறது. நப்பின்னைக்காகவும் ஏழு எருதுகளைத் தழுவினான் என்பதுதான் நம் பக்கத்துக் கதை. ஆனால் அவள் அரசன் மகள், இவள் ஆயர் மகள். ‘கொல்லேற்றுக் கோடுஅஞ்சு வானை மறுமையும் புல்லாளே ஆய மகள்’ என்று கலித்தொகை சொல்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள். காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை அடுத்த பிறவியிலும் தொடமாட்டாள்.

4 டிசம்பர் 2023

எவ்வளவு அரிதான பெயர் என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் புள்ளிவிவரம் இல்லை, அனுபவம்தான் இருக்கிறது. 38 ஆண்டுகள் தபால் நிலையங்களில் வேலை பார்த்தேன். மணியார்டர், சேமிப்புப் புத்தகம், பதிவுத் தபால் என்று கைவழியே போன பெயர்களுக்குக் கணக்கே இல்லை. ஆண்டாளும் கோதையும் வாரத்துக்கு நாலு பேர் வருவார்கள். நப்பின்னை என்ற பெயரை இரண்டே முறை பார்த்தேன். ஒன்று ஆழ்வார்திருநகரிக்குப் போன மணியார்டர். மற்றொன்று மலேசியாவில் கிள்ளான் முகவரிக்குப் போன நீல நிற விமானக் கடிதம். அந்தக் கடிதத்தில் முத்திரையைப் பெயரின் மேல் விழாமல் ஓரமாகக் குத்தினேன். அந்த அம்மாள் யாரென்று தெரியாது. இன்றும் எப்போதாவது நினைத்துக்கொள்வேன்.

ஏன் இவ்வளவு குறைவு? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பெண்களுக்குப் பெயர் கோயிலிலிருந்து வரும், இல்லாவிட்டால் கதையிலிருந்து வரும். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பிறகு எத்தனையோ வீடுகளில் வானதி பிறந்தாள். நப்பின்னைக்கு அப்படி ஒரு தொடர்கதை வாய்க்கவில்லை. கோயிலில் பார்த்தாலோ, உற்சவருக்கு இரண்டு பக்கமும் ஸ்ரீதேவியும் பூதேவியும் நிற்கிறார்கள். மூன்றாவது தேவி நீளாதேவி, அவளே நப்பின்னை என்று ஆசாரியர்கள் சொல்கிறார்கள். ஆனால் பல்லக்கில் அவளுக்கு இடமில்லை. கண்ணால் பார்க்காத தேவியின் பெயர் தொட்டில் வரைக்கும் எப்படி வரும்?

5 டிசம்பர் 2023

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பெயர் அடியோடு மறையவில்லை, வடமொழி உருவில் வந்தது என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். உண்மைதான். திருப்பாவைக்குப் பராசர பட்டர் செய்த தனியன், அதாவது முன்னால் சொல்லும் வாழ்த்துச் செய்யுள், ‘நீளா’ என்றுதான் தொடங்குகிறது. நீளா என்ற பெயரில் நானே சிலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆண்டாள் வாய்விட்டுக் கூப்பிட்ட பெயர் நப்பின்னாய். எனக்கு அதுதான் பெயர்.

11 டிசம்பர் 2023

சிலப்பதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆய்ச்சியர் குரவையை மறுபடியும் படித்தேன். ஒரு வாரமாக வேறு எதிலும் மனம் போகவில்லை.

மதுரையில் ஆயர் சேரி. கோவலன் நகருக்குள் போயிருக்கிறான், கண்ணகி ஆய்ச்சி மாதரி வீட்டில் இருக்கிறாள். விடிந்ததும் எல்லாமே தப்பாக இருக்கிறது. ‘குடப்பால் உறையா.’ உறை ஊற்றிய பால் தயிராகவில்லை. எருதின் கண்ணில் நீர் வழிகிறது, வெண்ணெய் உருகவில்லை. பால் வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த வரிகள் வேறு மாதிரி தைக்கும். ஒரு நாள் பால் உறையாமல் போனால் அப்பாயி யாரிடமும் பேசாமல் பானையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கே தீட்டு வந்துவிட்டது போலத்தான் அன்று முழுக்க இருக்கும். மாதரிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. கறவையும் கன்றும் துயர் நீங்கட்டும் என்று, கைகோத்து ஆடும் குரவைக்கூத்தை ஆடச் சொல்கிறாள்.

ஏழு பெண்களை நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டுகிறாள். குரலாக நிற்பவள் மாயவன். இளியாக நிற்பவள் பலதேவன். துத்தமாக நிற்பவள் பின்னை. அதற்குப் பிறகு வருவதைப் படித்துவிட்டுத்தான் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தேன்:

‘பெய்வளைக் கையாள்நம் பின்னைதான் ஆமென்றே
ஐயென்றாள் ஆயர் மகள்.’

நம் பின்னை! நம் வீட்டுப் பெண்ணைச் சொல்வது போலச் சொல்கிறாள். நம்மாழ்வார், நம்பெருமாள், நம்பிள்ளை என்று உரிமையோடு சொல்கிறோமே, அதே ‘நம்’. நம் பின்னை என்பதுதான் நப்பின்னை ஆகியிருக்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அன்று ‘ந’ சிறப்புப் பொருள் என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன்.

13 டிசம்பர் 2023

மாற்றிக்கொண்டதை மறுபடியும் மாற்றிக்கொள்கிறேன். இரண்டு நாள் யோசித்தேன். நம் + பெருமாள் நம்பெருமாள் ஆகிறது, நம் + பிள்ளை நம்பிள்ளை ஆகிறது. ப வந்தாலும் ம் அப்படியே நிற்கிறது. நம் + பின்னை என்றால் நம்பின்னை என்றுதான் நின்றிருக்க வேண்டும். நப்பின்னையில் ப் இரட்டித்திருப்பதற்கு நக்கீரனும் நச்செள்ளையும்தான் வழிகாட்டுகிறார்கள். ஆசைப்பட்டதற்கு இலக்கணம் இடம் கொடுக்கவில்லை. 27-ஆம் தேதி எழுதியதே இருக்கட்டும்.

20 டிசம்பர் 2023

பின்னல் போட்ட கூந்தலால் பின்னை என்று வந்திருக்கலாமே என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். தள்ளிவிட மனமில்லை. அவள் வருகிற இடங்களில் எல்லாம் தலைமுடியும் வருகிறது. ஆண்டாள் ‘கந்தம் கமழும் குழலீ’ என்கிறாள், அடுத்த பாட்டில் ‘கொத்தலர் பூங்குழல் நப்பின்னை’ என்கிறாள். திருவள்ளுவமாலையில் கண்ணனை ‘உபகேசி தோள்மணந்தான்’ என்று ஒரு வெண்பா சொல்கிறது. உபகேசி நப்பின்னை என்பது உரை. அங்கேயும் கேசம். சிலம்பும் மணிமேகலையும் அவளைப் பிஞ்ஞை என்றும் சொல்கின்றன. சடையைக் கட்டிய சிவனுக்குப் பிஞ்ஞகன் என்று பெயர் இருப்பதும் உடனே நினைவுக்கு வருகிறது.

ஆனாலும் அன்னை அஞ்ஞை ஆனது போலப் பின்னை பிஞ்ஞை ஆவது இயல்புதான், அதற்குக் கூந்தல் தேவையில்லை. பெயருக்கு வேர் தேடும்போது கூட வருகிற வருணனையைப் பிடித்துக்கொண்டால் வழி தப்பிவிடும். ஆழ்வார்கள் பின்னையை எதனோடு எதுகை வைக்கிறார்கள் என்று பாருங்கள். கண்ணனுக்குத் தலைவாரிவிடக் காக்கையைக் கூப்பிடுகிற பாட்டில் பெரியாழ்வார் ‘பின்னை மணாளனை’ என்று எடுத்து ‘முன்னை அமரர் முதல்’ என்று தொடுக்கிறார். நம்மாழ்வாரும் ‘பின்னை நெடும்பணைத் தோள்’ என்று சொல்லிவிட்டு ‘முன்னை அமரர்’ என்கிறார். இருவர் காதிலும் பின்னைக்கு எதிரே முன்னை ஒலித்திருக்கிறது. பின்னலைவிட இது வலுவான சான்று. தாத்தா சொன்னதற்கே என் வாக்கு.

3 ஜனவரி 2024

இன்று மார்கழி 18. நாளுக்கு ஒரு பாட்டாகப் பாடும் திருப்பாவையில் 18, 19, 20-ஆம் பாட்டுகள் நப்பின்னையை எழுப்புபவை.

இந்தப் பெயரைச் சுமக்கிறவர்களுக்கு ஆண்டில் மூன்று விடியற்காலை உண்டு. இன்று, நாளை, நாளை மறுநாள். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். பெருமாள் கோயிலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். இருட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பேன். ‘நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்’ என்று ஊர் முழுக்கக் கேட்கும். அடுத்த வரி ‘கடைதிறவாய்’. தாத்தா மாட்டுக்கொட்டகையிலிருந்து குரல் கொடுப்பார்: “ஊரே கூப்பிடுகிறது, கதவைத் திறக்காமல் படுத்திருக்கிறாயே!” எழுந்து போய்க் கதவைத் திறப்பேன். அது தாழ்ப்பாள் போட்ட கதவு இல்லை, மரக்கட்டை குறுக்கே செருகிய கதவு. அந்தக் கட்டையை இரண்டு கையாலும் தூக்கினால்தான் வரும். தூக்கும்போது கண்ணாடி வளையல் மரத்தில் உரசும். வெளியே தாத்தா கையில் அரிக்கேன் விளக்கும் கறவைச் செம்புமாக நின்றுகொண்டிருப்பார். செம்பிலிருந்து ஆவி போகும். “வளையல் சத்தம் கேட்டது, போதும்” என்பார். அக்கா திண்ணையில் கால்மாற்றி உட்கார்ந்துகொண்டு, என் பெயர் எந்தப் பாட்டில் வருகிறது என்று கேட்டு அழுவாள்.

எதற்காக வளையல் சத்தம் என்று அப்போது தெரியாது. ‘செந்தாமரைக் கையால் சீரார் வளையொலிப்ப வந்து திறவாய்’ என்பது வரி. சிலம்பிலும் அவள் ‘பெய்வளைக் கையாள்’. இளங்கோ காட்டிய வளையலை ஆண்டாள் ஒலிக்க வைத்திருக்கிறாள். டிசம்பரில் சிலம்பைப் பற்றி எழுதியபோது இது எனக்குப் புலப்படவில்லை. இன்று காலை பாட்டைக் கேட்டுக்கொண்டே வாசல் தெளிக்கையில்தான் புலப்பட்டது.

இராமானுசர் இந்தப் பாட்டைச் சொல்லிக்கொண்டே பிச்சைக்குப் போனாராம். தம் ஆசாரியர் பெரிய நம்பி வீட்டு வாசலில் ‘வந்து திறவாய்’ என்னும் இடம் வரும்போது நம்பியின் மகள் அத்துழாய் வளையல் ஒலிக்கக் கதவைத் திறந்தாளாம். நப்பின்னையே வந்துவிட்டாள் என்று அவர் அந்தச் சின்னப் பெண்ணின் காலில் விழுந்துவிட்டார்.

4 ஜனவரி 2024

மார்கழி 19. இன்றைய பாட்டில் ஆண்டாளுக்கு அவள் மேல் கோபம். ‘உன் மணாளனை எத்தனை போதும் துயிலெழ ஒட்டாய்’, ‘தத்துவம் அன்று தகவு’ என்று நேருக்கு நேர் சொல்கிறாள். பெயருக்கு எதிராக இதை எடுத்துக்காட்டியவருக்குச் சொல்கிறேன். யாரிடம் இப்படிப் பேசுவோம்? பக்கத்து வீட்டுச் சிநேகிதியிடம்தான். ‘உனக்கு நியாயமாக இருக்கிறதா?’ என்று அவளிடம்தான் கேட்க முடியும்.

5 ஜனவரி 2024

கோபம் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. ‘நப்பின்னை நங்காய் திருவே துயிலெழாய்’. அவளிடம் விசிறியும் கண்ணாடியும் கேட்கிறார்கள். உக்கம், தட்டொளி. கூடவே உன் மணாளனையும் தா என்கிறார்கள். மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள்.

9 ஜனவரி 2024

அத்துழாய் கதை திருக்கோட்டியூர் நம்பி வீட்டில் நடந்தது, பெண்ணின் பெயர் தேவகி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியும் ஒரு வழக்கு இருக்கிறது. இரண்டையும் கேட்டிருக்கிறேன், நான் எழுதியது எங்கள் பக்கத்தில் சொல்வது. துழாய் என்றால் துளசி. அத்துழாய் நப்பின்னையைவிட அரிய பெயர். இரண்டாவது பெண் பிறந்தால் யோசியுங்கள்.

28 ஜனவரி 2024

பெரியவர்களைச் சம்மதிக்க வைக்க ஏதாவது பாசுரம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதைப் பற்றியே பெரியாழ்வார் பத்துப் பாட்டுப் பாடியிருக்கிறார். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு யார் யார் பெயரையோ வைக்காதீர்கள், கேசவன் பேரிடுங்கள், ‘நாயகன் நாரணன் தம் அன்னை நரகம் புகாள்’ என்கிறார். என்ன குறை என்றால், அதில் சொன்னதெல்லாம் ஆண்பிள்ளைப் பெயர்கள். பெண்பிள்ளை பெற்ற அம்மாவுக்கு என்ன வழி என்று நான் அந்தப் பத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான்.

அந்தப் பத்தைவிட அவருடைய நீராட்டப் பாட்டை வீட்டில் படித்துக் காட்டுங்கள். கண்ணன் மாட்டுத்தொழுவத்தில் புகுந்து உடம்பெல்லாம் புழுதியோடு நிற்கிறான். குளிக்க வரமாட்டேன் என்கிறான். யசோதை கெஞ்சிப் பார்க்கிறாள், கண்டவர்கள் பழிப்பார்கள் என்கிறாள். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை: ‘நப்பின்னை காணில் சிரிக்கும்.’ உன் மாமன் மகள் பார்த்தால் சிரிப்பாள் என்று சொல்லிக் குழந்தையைக் குளிக்கக் கூப்பிடுகிற அம்மா எந்த ஊரில் இல்லை? தேவி, பிராட்டி எல்லாம் பிறகு. எனக்கு அவள் முதலில் இந்தச் சிரிப்புக்காரி. பின்தங்குவாள் என்கிறவர்களுக்கு இந்த வரி புரியாமல் போகாது.

இன்னொன்று. சீவகசிந்தாமணியில் நந்தகோன் தன் மகள் கோவிந்தையைச் சீவகனுக்குக் கொடுக்க நினைக்கிறான். ஆயர் வீட்டுப் பெண்ணை எடுப்பது இழுக்கில்லை என்று சொல்ல அவன் காட்டுகிற சான்று யார் தெரியுமா? ‘நிலமகட்குக் கேள்வனும் நீள்நிரை நப்பின்னை’ என்று தொடங்குகிறான். திருமாலே எங்கள் நப்பின்னையை மணந்தான் என்கிறான். சமண காவியத்திலும் அவளுக்கு இவ்வளவு மதிப்பு.

18 பிப்ரவரி 2024

பெண் பிறந்த செய்தி படித்தேன். மனம் நிறைந்துவிட்டது. பெரியவர்களும் சம்மதித்துவிட்டார்கள் என்பது அதைவிடச் சந்தோஷம்.

இனிமேல் நடைமுறை. ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து, அதில் இரண்டு இடத்தில் எழுத்து இரட்டிக்கும். முதல் முறை எழுதும்போதே எப்படி என்று முடிவுசெய்து, எல்லா ஆவணத்திலும் அப்படியே எழுதுங்கள். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘நப்பின்னி’ என்று வந்தது. அதைத் திருத்த அப்பா மூன்று முறை அலைந்தார். புன்னை என்று எழுதுவார்கள், அன்னை என்று எழுதுவார்கள். ‘பின்னை என்ன?’ என்று பள்ளியில் கேலி செய்வார்கள். என்னையும் செய்தார்கள். மார்கழி வந்தால் கேலி நின்றுவிடும்.

செல்லமாக நப்பு என்று கூப்பிடத் தொடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். சுருக்க வேண்டுமென்றால் பின்னை என்று கூப்பிடுங்கள், இளங்கோவே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

2 மார்ச் 2024

நீங்கள் போட்டிருக்கும் பிறப்புச் சான்றிதழின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நேற்று வந்தது என்கிறீர்கள், இன்னும் நீங்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. ‘நப்பினை’ என்று இருக்கிறது. ன் விட்டுப்போயிருக்கிறது. பெயரே பதியாமல் விட்டிருந்தால் ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துவிடலாம். இது பதிந்த பெயரில் பிழை, திருத்தத்துக்குத் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமையே போய்விடுங்கள். மனுவில் பெயரைத் தனித்தனி எழுத்தாக எழுதிக் கொடுங்கள்: ந, ப், பி, ன், னை. கையில் வாங்கியதும் அங்கேயே நின்று ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.